கண்காட்சி விலை நியாய விலையா?

தீபாவளிக்கு மூன்று, நான்கு வாரம் இருக்கும்போதே கொங்கு வட்டாரத்துக் கல்யாண மண்டபங்களின் வாசலில் பேனர்கள் ஏறிவிடும். "திருப்பூர் பனியன் கம்பெனிகளின் நேரடி விற்பனை", "எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் மேளா", "50 முதல் 80 சதவீதம் வரை தள்ளுபடி", "இன்னும் 3 நாட்கள் மட்டுமே". ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாக அறிவிப்பு போகும். பனியன் கம்பெனிகளில் போனஸ் பட்டுவாடா ஆவதும் இதே நாட்களில்தான். வருடம் முழுக்க ஷிப்ட் பார்த்துச் சேர்த்த பணத்தை ஒரு குடும்பம் ஒரே மாலையில் அந்த மண்டபத்துக்குள் செலவழித்துவிட்டு வெளியே வரும். அந்தப் பணத்துக்கு உரிய சரக்கு கைக்கு வந்ததா என்பது சின்னக் கேள்வி அல்ல.

இந்த அத்தியாயத்தின் பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். கண்காட்சி என்பதாலேயே விலை குறைந்துவிடாது, கூடிவிடவும் செய்யாது. ஒரே மண்டபத்தில் அடுத்தடுத்த இரண்டு மேசைகளில் ஒன்று அடக்க விலைக்கும் கீழே விற்கும், இன்னொன்று கடைவீதியைவிட அதிகமாக விற்கும். இரண்டையும் பிரித்தறிய பனியன் தொழிலுக்குள் பிறந்திருக்க வேண்டியதில்லை. பின்னலாடை எடைக் கணக்கில் உருவாகும் சரக்கு. நூல் கிலோவில் வருகிறது, துணி கிலோவில் ஓடுகிறது, சாயக் கூலியும் கிலோவுக்குத்தான். எடை தெரிந்தவருக்கு விலையும் பெருமளவு தெரிந்துவிடும்.

மூன்று வகைக் கண்காட்சிகள்

திருப்பூரில் கண்காட்சி என்ற பெயரில் மூன்று வேறு வேறு காரியங்கள் நடக்கின்றன.

முதலாவது, ஏற்றுமதியாளர்கள் வெளிநாட்டு இறக்குமதியாளர்களுக்கும் அவர்களின் ஏஜென்டுகளுக்கும் சாம்பிள் காட்டும் இடம். திருமுருகன்பூண்டி வளாகத்தில் நடக்கும் இந்தியா நிட் ஃபேர் இந்த வகை. அங்கே ஆர்டர் பேசப்படும், ஒன்றிரண்டு பீஸ் விற்கப்படாது. குடும்பத்தோடு துணி எடுக்கப் போகும் இடம் அது அல்ல.

இரண்டாவது, மெஷின் கண்காட்சி. நிட்டிங், தையல், பிரின்டிங், எம்பிராய்டரி இயந்திரங்களை ஓட விட்டுக் காட்டுவார்கள். நான்கு மெஷின் போட்டுத் தொழில் தொடங்க நினைப்பவருக்கு இது முக்கியமான இடம்.

மூன்றாவதுதான் மண்டபத்து விற்பனை. சென்னை, மதுரை, கொச்சி, பெங்களூரு என்று எங்கு நடந்தாலும் "திருப்பூர்" என்ற பெயரே அதற்கு விளம்பரம். இந்த அத்தியாயம் பெரும்பாலும் இதைப் பற்றியது.

சரக்கு எங்கிருந்து வருகிறது

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்து போகிறது. இவ்வளவு பெரிய உற்பத்தியில் மிச்சம் விழாமல் இருக்காது. 10,000 பீஸ் ஆர்டர் என்றால் சேதத்துக்கு ஈடாகச் சில நூறு பீஸ் கூடுதலாகவே வெட்டுவார்கள். எல்லாம் நன்றாக வந்துவிட்டால் அந்தக் கூடுதல் கம்பெனியிலேயே தங்கிவிடும். இதுதான் உண்மையான சர்ப்ளஸ். கப்பலுக்குப் போன சரக்கும் இதுவும் ஒரே துணி, ஒரே தையல்.

அடுத்தது ரத்தான ஆர்டர். 2020 கொரோனா முடக்கத்தின்போது வெளிநாட்டு நிறுவனங்கள் ஆர்டர்களை நிறுத்தின, தள்ளிப்போட்டன. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா மொத்தம் 50 சதவீதக் கூடுதல் வரி விதித்தபோது, அமெரிக்காவை நம்பிய கம்பெனிகளின் ஆர்டர்கள் நின்றன. இப்படிப்பட்ட நேரங்களில் தரத்தில் குறையே இல்லாத சரக்கு உள்ளூர்ச் சந்தைக்குத் திரும்பும். கையில் பணம் புரள வேண்டும் என்பதற்காக நஷ்டத்துக்கே தள்ளிவிடுவார்கள். வாங்குபவருக்கு இதைவிட நல்ல விலை கிடைக்காது.

மூன்றாவது, ஆய்வில் தோற்ற லாட். இதை வாங்குபவர்கள் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஏற்றுமதி ஆய்வு எல்லா பீஸையும் பார்ப்பதில்லை, மாதிரி எடுத்துத்தான் பார்க்கும். ஏ.க்யூ.எல். 2.5 என்ற பரவலான அளவுகோலின்படி, 5,000 பீஸ் லாட்டில் 200 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். குறை 10 பீஸுக்குள் இருந்தால் லாட் பாஸ், 11 ஆகிவிட்டால் மொத்த லாட்டும் ஃபெயில். 200க்கு 11 என்றால் நூற்றுக்கு ஐந்தரை. அதாவது ஃபெயிலான லாட்டிலும் நூற்றுக்கு 94 பீஸ் நன்றாகவே இருக்கக்கூடும். அந்த லாட் அப்படியே ஸ்டாக் லாட்டாக, அதாவது மொத்தமாகத் தள்ளிவிடும் சரக்காகப் போயிருந்தால் வாங்குபவருக்கு யோகம். கம்பெனி மறுபடி செக்கிங் போட்டு, நல்லதைக் கப்பலேற்றிவிட்டு, ஒதுக்கியதை மட்டும் விற்றிருந்தால் நிலைமை தலைகீழ். அந்தக் குவியலில் பீஸுக்கு ஒரு குறை இருக்கும். இதுதான் செகண்ட்ஸ்.

நான்காவது வகையும் உண்டு. மிச்சமும் இல்லை, ரத்தும் இல்லை, கண்காட்சிக்கென்றே தைத்த சரக்கு. மெல்லிய துணி, அகலத் தையல், கழுத்தில் கவர்ச்சியான லேபிள். இது ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. குறைந்த விலைக்குக் குறைந்த சரக்கு என்றால் அதில் தப்பு ஒன்றும் இல்லை. "எக்ஸ்போர்ட்" என்று சொல்லி எக்ஸ்போர்ட் விலை கேட்கும்போதுதான் அநியாயமாகிறது.

மண்டபத்தில் அடிக்கடி காதில் விழும் உரையாடல் இது:

"ஏனுங்ண்ணா, இது எக்ஸ்போர்ட் சரக்குங்ளா?"

"அக்கா, அசல் இத்தாலி ஆர்டருங்க. லேபிளை மட்டும் வெட்டியிருக்குதுங்க."

"சர்ப்ளஸுங்ளா, செக்கிங்ல ஒதுக்குனதுங்ளா?"

இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டதும் விற்பவரின் பேச்சு மாறும். தொழில் தெரிந்தவர் வந்திருக்கிறார் என்று புரிந்து, "அந்த மேசை சர்ப்ளஸ், இந்த மேசை செகண்ட்ஸுங்க" என்று பிரித்துச் சொல்லும் நேர்மையான வியாபாரிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எல்லாமே சர்ப்ளஸ் என்று சாதிப்பவரின் மேசையில் ஒவ்வொரு பீஸையும் விரித்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

தள்ளுபடி சதவீதம் விலை ஆகாது

ஆடைக்கு இவ்வளவுதான் எம்.ஆர்.பி. போடலாம் என்று எந்தச் சட்டமும் வரம்பு வைக்கவில்லை. தயாரிப்பாளரோ விற்பனையாளரோ தீர்மானிப்பதுதான் எம்.ஆர்.பி. 250 ரூபாய்க்கு விற்க வேண்டிய டி-ஷர்ட்டில் 999 என்று அச்சடித்து, "75 சதவீதம் தள்ளுபடி" என்று பேனர் வைக்க முடியும். வாங்குபவருக்கு 750 ரூபாய் மிச்சமானதுபோலத் தோன்றும். அந்த 999 ரூபாய்க்கு அந்தச் சட்டை எந்தக் கடையிலும் ஒரு நாளும் விற்றிருக்காது.

எதனோடு ஒப்பிடலாம் என்பதற்குக் கோ-ஆப்டெக்ஸ் நல்ல எடுத்துக்காட்டு. 1935ல் தொடங்கிய இந்தக் கூட்டுறவு நிறுவனம் தீபாவளி சமயத்தில் கைத்தறிக்கு 30 சதவீதம் வரை சிறப்புத் தள்ளுபடி தருகிறது. அந்தத் துணி தள்ளுபடிக்கு முந்தைய மாதங்களிலும் அதே ஷோரூமில், குறித்த விலைக்கு விற்றுக்கொண்டிருந்தது. நேற்றைய விலை என்று ஒன்று உண்மையிலேயே இருந்ததால்தான் இன்றைய தள்ளுபடிக்குப் பொருள் இருக்கிறது. மூன்று நாள் மண்டபக் கடைக்கு நேற்று என்பதே கிடையாது.

விலைச் சீட்டில் சட்டம் தரும் ஒரு பாதுகாப்பு உண்டு. விலையைக் குறைப்பதற்காக மட்டுமே எம்.ஆர்.பி. மீது தனி ஸ்டிக்கர் ஒட்டலாம், அதுவும் பழைய விலையை மறைக்காமல். பழைய விலையை மூடி, கூடுதல் விலையை ஒட்டியிருந்தால் அது எடையளவுச் சட்ட விதிமீறல். ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் லேசாக உயர்த்திப் பார்த்தாலே தெரிந்துவிடும். உறையில்லாமல் திறந்த நிலையில் விற்கும் ஆடைக்கு 2022ல் விதிகள் தளர்த்தப்பட்டன. அப்படியும் நான்கு விவரங்கள் கட்டாயம்: தயாரிப்பாளர் அல்லது விற்பனை நிறுவனத்தின் பெயர், முகவரி; எஸ், எம், எல் போன்ற அளவும் அதன் சென்டிமீட்டர் கணக்கும்; எம்.ஆர்.பி.; புகாருக்கான தொலைபேசி, மின்னஞ்சல். லேபிளை வெட்டிய ஸ்டாக் லாட் சரக்கில் இவற்றில் பல இருக்காது. பல நூறு ரூபாய் கேட்கும் "பிராண்டட்" சட்டையிலும் இவை இல்லையென்றால் கேட்ட விலையைக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

எடை போட்டால் விலை தெரியும்

ஆண்கள் எல் சைஸ் அரைக்கை டி-ஷர்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 180 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) காட்டன் சிங்கிள் ஜெர்சி துணியில் தைத்தால் அது ஏறத்தாழ 170 முதல் 190 கிராம் வரை இருக்கும். 140 ஜி.எஸ்.எம். துணி என்றால் 135 முதல் 150 கிராம். நகை எடை போடும் சின்ன பாக்கெட் தராசு இப்போது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சமையலறைத் தராசும் போதும்.

இனி அடக்க விலைக் கணக்கு. கீழே உள்ள தொகைகள் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்கான எடுத்துக்காட்டு. வாங்குபவர் அன்றைய நூல் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நூல் கிலோ 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நிட்டிங் கூலி 15, சாயமும் காம்பேக்டிங்கும் சேர்ந்து 110. மொத்தம் 425. சாயப் பட்டறையில் துணியின் எடை கொஞ்சம் குறையும். அந்த பிராசஸ் லாஸையும் சேர்த்தால் துணி கிலோ 450 ரூபாயில் வந்து நிற்கும். 180 கிராம் சட்டைக்கு, கட்டிங் வேஸ்ட் உட்பட, 225 கிராம் துணி வேண்டும். அதற்கு 101 ரூபாய். தையல், செக்கிங், அயர்னிங்குக்கு 40. நூல்கண்டு, லேபிள், பாலி பை 9. ஆக 150 ரூபாய். கம்பெனியின் நிர்வாகச் செலவையும் லாபத்தையும் சேர்த்தால் 165, 170.

இதே சட்டையை மண்டபத்தில் 250 ரூபாய்க்கு விற்றால் அது நியாயமான விலைதான். மண்டப வாடகை, வண்டி வாடகை, விற்பனைப் பையன்களின் சம்பளம், சாப்பாடு, தங்கும் செலவு, விற்காமல் திரும்பும் சரக்கு எல்லாம் அந்த 80 ரூபாய்க்குள்தான் அடங்க வேண்டும். 350க்கு மேல் கேட்டால், அந்த விலைக்கு மாற்றித்தரும் வசதியுள்ள நிரந்தரக் கடையிலேயே வாங்கிவிடலாம். 120க்குக் கிடைத்தால் அது ஸ்டாக் லாட்டாக இருக்க வேண்டும், அல்லது எடை குறைவாக இருக்க வேண்டும். எது என்பதைத் தராசு சொல்லிவிடும்.

இந்தக் கணக்கின் ஆணிவேர் நூல் விலை. 2022 மே மாதம் நூல் விலை கிலோவுக்கு 40 ரூபாய் ஒரேயடியாக ஏறியதைக் கண்டித்து மே 16, 17 தேதிகளில் திருப்பூரே வேலைநிறுத்தம் செய்தது. மேலே போட்ட கணக்கில் அந்த 40 ரூபாய் ஒரு சட்டைக்கு ஏறத்தாழ 9, 10 ரூபாயாக வரும். நூல் விலை ஏறிவிட்டது என்று சொல்லி ஒரு வியாபாரி சட்டைக்கு 60 ரூபாய் கூட்டினால் அதில் பெரும்பகுதிக்கும் நூலுக்கும் தொடர்பில்லை.

எடைக் கணக்கு இரண்டு இடங்களில் அப்படியே பொருந்தாது. குழந்தைகளின் உடையில் துணி குறைவு, தையல் வேலை கிட்டத்தட்ட அதே அளவு. பட்டன், பிரின்ட், எம்பிராய்டரி என்று வந்தால் கூலி இன்னும் கூடும். எனவே 70 கிராம் குழந்தைச் சட்டை பெரியவர் சட்டையின் பாதி விலையைவிடக் கூடுதலாக இருப்பது அநியாயம் அல்ல. விளையாட்டு உடை என்று விற்கும் பாலியெஸ்டர் டி-ஷர்ட்டுக்கு இதற்கு நேர்மாறு. பாலியெஸ்டர் நூல் பருத்தி நூலைவிட மலிவு. காட்டன் விலைக்கு அதைக் கேட்டால் கொடுக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் ஓரத்தில் தொங்கும் நூல் ஒன்றைப் பிய்த்து வைத்துக்கொண்டு, மண்டபத்துக்கு வெளியே வந்து கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி, காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும்.

ஒப்பிட ஒரு விலை: காதர்பேட்டை

திருப்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது காதர்பேட்டை. நாட்டின் பல மாநிலங்களிலிருந்து வியாபாரிகள் வந்து பனியன் சரக்கு எடுத்துப்போகும் சந்தை. நைஜீரியா போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வந்து தங்கி வாங்கிப் போனவர்கள் உண்டு. கடைகள் சின்னவை, அலங்காரம் கிடையாது, டிரையல் ரூம் கிடையாது. விலை குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த நெருக்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 2023 ஜூன் மாத இரவில் பிடித்த தீயில் இங்கே சுமார் 50 கடைகள் எரிந்துபோயின. வியாபாரிகளின் சரக்கு முழுவதும் ஒரே இரவில் சாம்பலானது.

மண்டபக் கண்காட்சிக்குப் போகும்முன் முடிந்தால் காதர்பேட்டையில் நான்கு கடை ஏறி இறங்கி விலை கேட்டுவிடுவது நல்லது. ஒரு பீஸ் விலை, டஜன் விலை, லாட் விலை என்று மூன்றாகச் சொல்வார்கள். குடும்பத் தேவைக்கு வாங்குபவர் ஒப்பிட வேண்டியது ஒரு பீஸ் விலையைத்தான். ஈரோடு பக்கம் இருப்பவர்களுக்குத் திங்கள் மாலை தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும் கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை இதே வேலையைச் செய்யும். வெளியூர்க்காரருக்கு அவரவர் ஊரின் மொத்த விலைக் கடையே போதும். ஒப்பிட ஒரு விலை மனதில் இருந்தால்தான் மண்டபத்து வெளிச்சத்திலும் கூட்டத்திலும் நிதானம் தப்பாது.

"மூன்று 500" என்று கட்டி விற்பதை வாங்கும்போது மூன்றையும் தனித்தனியாக விரித்துப் பார்க்க வேண்டும். மேலே தெரியும் சட்டை கனமாகவும், உள்ளே இருக்கும் இரண்டும் மெல்லியதாகவும் இருப்பதுண்டு. மூன்றையும் சேர்த்து எடை போட்டால் விஷயம் வெளியாகிவிடும்.

மேசை முன் நின்று பார்க்க வேண்டியவை

நல்ல வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் உள்பக்கத்தை வெளியே திருப்ப வேண்டும். செக்கிங் பெண்கள் மேசை விளக்கின் கீழ் செய்வதும் இதுதான். அவர்கள் கண் தேடும் குறைகளையே வாங்குபவரும் தேடலாம்.

துணியில் மேலிருந்து கீழாக நேர்க்கோடு ஓடினால் அது ஊசிக் கோடு. பழுதான ஊசியோடு நிட்டிங் மெஷின் ஓடியதன் அடையாளம். பார்வைக்குத்தான் குறை, உழைப்புக்குக் குறைவில்லை. வீட்டில் போட நல்ல விலைக்கு எடுக்கலாம். தையல் ஓரத்தில் பொடிப் பொடியாக ஓட்டை இருந்தால் வைத்துவிட வேண்டும். தையல் ஊசி நூலை அறுத்திருக்கிறது. நாலு துவையலில் ஓட்டை வளரும்.

கழுத்து ரிப்பை இரு கையாலும் இழுத்துவிட்டால் சட்டென்று பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். அலை அலையாக நின்றால் சீக்கிரமே தொளதொளத்துவிடும். சட்டையைத் தோள் சரியாக மடித்துத் தொங்கவிட்டால் இரண்டு பக்கத் தையலும் நேராக இறங்க வேண்டும். ஒரு பக்கத் தையல் முன்னே வந்தால் துணி முறுக்கிக்கொள்கிறது என்று பொருள். துவைக்கத் துவைக்க அது கூடும், சரிசெய்யவே முடியாது.

கறுப்பு, சிவப்பு, நேவி நிறங்களுக்கு ஒரு சோதனை. வெள்ளைக் கைக்குட்டையின் மூலையை நனைத்து, சட்டையின் உள்மடிப்பில் பத்து முறை தேய்க்க வேண்டும். கைக்குட்டையில் அடர்த்தியாக நிறம் ஏறினால் அந்தச் சட்டை மற்ற துணிகளையும் கெடுக்கும்.

வெளிநாட்டுச் சரக்கு என்ற பேச்சைச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. அமெரிக்காவுக்குத் தைத்த ஆடையின் கேர் லேபிளில் பெரும்பாலும் "ஆர்.என்." என்று தொடங்கும் எண் இருக்கும். அது அந்நாட்டின் வர்த்தக ஆணையம் நிறுவனங்களுக்குத் தரும் பதிவெண். ஆணையத்தின் இணையதளத்தில் போட்டால் எந்த நிறுவனம் என்று வந்துவிடும். ஐரோப்பியக் குழந்தை உடையில் சைஸ் உயரக் கணக்கில் இருக்கும்: 104 என்றால் ஏறத்தாழ 3 முதல் 4 வயது, 116 என்றால் 5 முதல் 6 வயது, 128 என்றால் 7 முதல் 8 வயது. உலகப் புகழ் பெற்ற விளையாட்டு நிறுவனத்தின் முத்திரை பளிச்சென்று இருந்து, கேர் லேபிளே இல்லையென்றால் அது போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். போலி முத்திரைச் சரக்கு விற்பது வர்த்தகக் குறிச் சட்டம் 1999ன்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். மறுவிற்பனைக்கு வாங்கும் சின்ன வியாபாரிக்கு இந்த எச்சரிக்கை மிகவும் அவசியம். மண்டபத்தில் விற்றவர் ஊரைவிட்டுப் போயிருப்பார், சரக்கு இவர் கடையில் இருக்கும்.

பில் வாங்கியே தீர வேண்டும்

நிரந்தரக் கடைக்கும் கண்காட்சிக்கும் உள்ள பெரிய வேறுபாடு நான்காம் நாள்தான் தெரியும். கடை அங்கேயே இருக்கும், மண்டபத்தில் வேறு கல்யாணம் நடந்துகொண்டிருக்கும். எனவே கண்காட்சியில் பில்லுக்கு மதிப்பு இரட்டிப்பு.

பில்லில் ஜி.எஸ்.டி. எண் இருந்தால் அதன் முதல் இரண்டு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். 33 என்றால் தமிழ்நாட்டுப் பதிவு. வரி வசூலிக்கும் வெளிமாநில வியாபாரி இங்கே வந்து கண்காட்சி போட்டாலும், இந்த மாநிலத்தில் தற்காலிக வணிகராகப் பதிவு செய்து, வரியை முன்கூட்டியே கட்டியாக வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், அதற்கு மேல் 18 சதவீதம். எம்.ஆர்.பி.யில் எல்லா வரியும் அடக்கம். எம்.ஆர்.பி.க்கு மேல் தனியாக வரி கேட்டால் தர வேண்டியதில்லை.

2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பில் தர மறுப்பதையே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அதே குற்றச்சாட்டின் கீழ் வரும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற பலகையைக் காட்டிக் குறையுள்ள பொருளைத் தலையில் கட்டிவிட முடியாது. ஆனால் செகண்ட்ஸ் என்று சொல்லி, குறையைக் காட்டி, அதற்குரிய விலைக்கு விற்றிருந்தால் பிறகு அதே குறைக்காகச் சண்டை போடுவது நியாயமில்லை.

வெளியூர் வியாபாரி என்றாலும் வாங்கியவர் தம் ஊரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பார்க்கலாம். பில்லோடு கடைப் பேனரையும் மண்டபப் பெயரையும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் விற்றவரைத் தேடிப் பிடிப்பது எளிது.

மெஷின் கண்காட்சியில் விலை

வீட்டில் ஓவர்லாக், ஃப்ளாட்லாக் தையல் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்ய நினைப்பவர்களைக் கண்காட்சி ஸ்டால்கள் வெகுவாக ஈர்க்கும். "இன்று புக் செய்தால் மட்டும் இந்த விலை" என்பார்கள். அவசரப்பட வேண்டியதில்லை. எழுத்துப்பூர்வமான கொட்டேஷனில் ஐந்து விஷயம் தனித்தனியாக இருக்க வேண்டும்: மெஷின் விலை, மோட்டாரும் டேபிளும் சேர்ந்ததா, வண்டி வாடகையும் பொருத்தும் கூலியும், வாரன்டி எத்தனை மாதம், அந்த வாரன்டி எதெதற்கு. மெஷின் விலையில் குறைத்து, டேபிளிலும் மோட்டாரிலும் ஏற்றிவிட்டால் கண்காட்சிச் சலுகைக்கு அர்த்தமே இல்லை. சர்வோ மோட்டாரா, பழைய கிளட்ச் மோட்டாரா என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும். கிளட்ச் மோட்டார் தைக்காத நேரத்திலும் ஓடிக்கொண்டே கரண்ட் இழுக்கும்.

கண்காட்சியின் கடைசி நாளில் ஸ்டாலில் ஓடிய டெமோ மெஷினைக் குறைத்துத் தருவதுண்டு. திரும்ப ஏற்றிப்போகும் செலவு மிச்சம் என்பதால் அது இருவருக்கும் லாபமான வியாபாரம். முழு வாரன்டியோடு தருகிறார்களா என்பதை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அரசு மானியக் கடனுக்கு விண்ணப்பித்திருப்பவர்கள் அனுமதி வருவதற்கு முன்பே கண்காட்சியில் முழுப் பணத்தையும் கட்டிவிடக் கூடாது. கொட்டேஷன் வாங்கி, மாவட்டத் தொழில் மையத்தில் வழிமுறையைக் கேட்டுக்கொண்ட பிறகே வாங்க வேண்டும்.

எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

கண்காட்சியில் துணிந்து வாங்கக்கூடியவை: லேபிள் வெட்டிய குழந்தை உடைகள், பிளெயின் டி-ஷர்ட், நைட் பேன்ட், குளிர்நாட்டு ஆர்டரில் மிஞ்சிய கனமான ஸ்வெட்டர் ரகங்கள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்குக் கடைசியில் சொன்னது பெரிய மிச்சம்.

கண்காட்சியில் வாங்கத் தேவையில்லாதவை: பெயர் பெற்ற உள்ளாடைகள். அவற்றின் விலை எல்லா ஊர்க் கடைகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஏமாந்தால் போலியும் சேர்ந்து வரும். பிறந்த குழந்தைக்கான துணியில் செகண்ட்ஸ் எடுக்க வேண்டாம். பட்டனோ ஸ்னாப்போ கழன்று வாய்க்குள் போகும் ஆபத்து உண்டு.

குறிப்பிட்ட சைஸ் வேண்டுமென்றால் முதல் நாள் காலையில் போக வேண்டும். எக்ஸ்.எல்., டபுள் எக்ஸ்.எல். முதலில் தீர்ந்துவிடும். சைஸில் விட்டுக்கொடுக்க முடிந்தவர்கள் கடைசி நாள் மாலையில் போகலாம். மிஞ்சிய சரக்கை மறுபடி வண்டியில் ஏற்றித் திருப்பூருக்குக் கொண்டுபோவதைவிடக் குறைத்து விற்பதே வியாபாரிக்கு லாபம். அந்த நேரத்தில் மொத்தமாகப் பத்துப் பீஸ் எடுத்துக்கொண்டு விலை பேசினால், காலையில் மறுத்தவரே மாலையில் ஒத்துக்கொள்வார்.